நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரே டிரஸ்ட்: ஓட்டுப் போடும் முன் பள்ளி கவர்னர் என்ன கேட்க வேண்டும்?

மிட்லண்ட்ஸ் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் பள்ளி கவர்னராக (பள்ளியை மேற்பார்வை செய்யும் குழுவின் உறுப்பினராக) இருப்பவர்கள், பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

என் மகள் இயர் 9 படிக்கிறாள். அவளுடைய பள்ளி கவுன்சிலின் (உள்ளாட்சியின்) கீழ் வரும் கம்யூனிட்டி ஸ்கூல். போன வருடம் பெற்றோர் சார்பில் என்னைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக நான்கு செகண்டரி பள்ளிகள் இருக்கின்றன. நான்கும் அகாடமியாக (கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் பள்ளியாக) மாறி, புதிதாக ஒரு கல்வி டிரஸ்ட் தொடங்கி, அதன் கீழ் ஒன்றாகப் போகலாம் என்று யோசனை. வெளியிலிருந்து எந்தப் பெரிய டிரஸ்ட்டும் வந்து கேட்கவில்லை. நான்கு ஹெட்களும் (தலைமை ஆசிரியர்களும்) தாங்களே பேசி எடுத்து வந்த திட்டம். அடுத்த கூட்டத்தில், அகாடமி ஆவதற்கு விண்ணப்பிக்கலாமா என்று ஓட்டெடுப்பு.

இந்தப் பள்ளிகள் ஏற்கெனவே சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு) ஜெர்மன் வகுப்பு ஒரு பள்ளியில் மட்டும் நடக்கும், மற்ற மூன்றிலிருந்தும் பிள்ளைகள் மினிபஸ்ஸில் போவார்கள். ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) மாதிரித் தேர்வுத் தாள்களை ஒரு பள்ளி ஆசிரியர்கள் இன்னொரு பள்ளிக்குத் திருத்துகிறார்கள். "இப்படியே நன்றாகத்தானே போகிறது, அப்புறம் டிரஸ்ட் எதற்கு?" என்று கேட்டேன். "நாங்கள் நான்கு பேரும் இருக்கும்வரை போகும். ஒருவர் மாறிப் போனால் என்ன ஆகும்?" என்றார் எங்கள் ஹெட். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கையில் கொடுத்த ஆவணத்தில் கூட்டுறவு, பகிர்வு, எதிர்காலம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறதே தவிர, யாருக்கு என்ன அதிகாரம் என்று தெளிவாக ஒரு பக்கம்கூட இல்லை.

இதற்கிடையில் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு கவலை. டிரஸ்ட் என்றதும், ஊரில் அறக்கட்டளை நடத்தும் தனியார் கல்லூரிகள் மாதிரி ஃபீஸ் கட்ட வேண்டி வருமா, பள்ளியை யாருக்காவது விற்கிறார்களா என்று கேட்கிறார்கள். என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நான் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

லெஸ்டர் அம்மா:

என் மகனின் பள்ளி சில வருடங்களுக்கு முன் ஒரு டிரஸ்ட்டில் சேர்ந்தது. ஃபீஸ் எதுவும் இல்லை. ஆசிரியர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், பேருந்து அதே பேருந்து. லெட்டர்ஹெட்டும் மின்னஞ்சல் முகவரியும் மாறின. முதல் வருடம் அவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயத்தில். முன்பு ஏதாவது குறை என்றால் ஹெட்டிடம் போய்ப் பேசுவோம், அவரே முடிவு சொல்வார். இப்போது சில விஷயங்களில் "அது டிரஸ்ட் பாலிசி, என்னால் மாற்ற முடியாது" என்கிறார். நல்ல மனிதர், நிஜமாகவே அவரால் முடியவில்லை. டிடென்ஷன் விதிமுறை பற்றி நாங்கள் பெற்றோர் சிலர் கேட்டதற்குப் பதில் மைய அலுவலகத்திலிருந்துதான் வந்தது, அதுவும் தாமதமாக. எந்தெந்த விஷயம் ஹெட் கையில் நிற்கும் என்று இப்போதே கேட்டு வையுங்கள் அண்ணா.

---

பள்ளிக் கணக்குக்காரி:

தம்பி, ஓட்டுக்கு முன்னாலேயே கேட்டது நல்லது. நான் பள்ளி நிதிப் பிரிவில் இருக்கிறேன். முதலில் கவுன்சில் பள்ளி ஒன்றில் பிசினஸ் மேனேஜர், இப்போது சில செகண்டரி பள்ளிகள் சேர்ந்த ஒரு டிரஸ்ட்டின் மைய அலுவலகம். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வாட்ஸ்அப் குழுவுக்கான பதில். அகாடமி அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான். சேர்க்கைக்கோ படிப்புக்கோ கட்டணம் வாங்க முடியாது. டிரஸ்ட் கம்பெனியாகப் பதிவாகும், ஆனால் அது தர்ம நிறுவனம். பங்குதாரர் கிடையாது, லாபம் பிரித்துக்கொள்ள முடியாது. கம்யூனிட்டி ஸ்கூலின் நிலமும் கட்டிடமும் வழக்கமாகக் கவுன்சிலிடமிருந்து 125 வருடக் குத்தகைக்குப் போகும், விற்பனை இல்லை. இதை அப்படியே குழுவில் போட்டுவிடுங்கள்.

இனி உங்களுக்கு. 2010-ஆம் ஆண்டு அகாடமிகள் சட்டப்படி நான்கு பள்ளிகளும் ஒரே டிரஸ்ட்டுக்குள் போய்விட்டால், சட்டத்தின் பார்வையில் அங்கே இருப்பது ஒரே அமைப்பு. ஆசிரியர்களுக்கு வேலை கொடுப்பது டிரஸ்ட். கல்வித் துறையோடு நிதி ஒப்பந்தம் போடுவதும் டிரஸ்ட். உங்கள் கவர்னிங் பாடி (கவர்னர்களின் குழு) இன்று இருக்கும் வடிவத்தில் முடிந்துபோகும். அதன் இடத்தில் 'லோக்கல் கவர்னிங் பாடி' என்று ஒன்று வரலாம். அதே ஆட்கள், அதே அறை, அதே கிளார்க். ஆனால் டிரஸ்டிகள் (டிரஸ்ட்டை நடத்தும் குழுவினர்) கொடுத்த அதிகாரம் மட்டும்தான் அதற்கு உண்டு. கொடுத்ததை அவர்கள் பிற்பாடு குறைக்கவும் முடியும், அந்தக் குழுவையே கலைக்கவும் முடியும்.

அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 'ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன்'. வரைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டுக்கு முன் கையில் வர வேண்டும். அது பெரும்பாலும் ஒரு அட்டவணையாக இருக்கும். இடது பக்கம் முடிவுகளின் பட்டியல்: ஹெட்டை நியமிப்பது, பட்ஜெட்டை ஏற்பது, பாடத்திட்டம், சேர்க்கை விதி, பள்ளி நேரம், ஒரு மாணவரை நீக்கினால் அதை மறுபரிசீலனை செய்வது. மேலே வரிசையாக மெம்பர்கள் (டிரஸ்டிகளை நியமிப்பவர்கள்), டிரஸ்டிகள், தலைமை நிர்வாகி, லோக்கல் குழு, ஹெட். ஒவ்வொரு கட்டத்திலும் யார் முடிவெடுப்பது, யாரிடம் கருத்துக் கேட்பது, யாருக்குத் தகவல் மட்டும் என்று குறித்திருக்கும். அதில் லோக்கல் குழுவின் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டு போங்கள். 'கருத்துக் கேட்கப்படும்', 'தகவல் தரப்படும்' என்பதே வரிசையாக வந்தால், அந்தக் குழு முடிவெடுக்கும் குழு இல்லை என்று அர்த்தம். அப்படி இருப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'ஒவ்வொரு பள்ளியும் தன் தனித்தன்மையோடு' என்று முன்னுரையில் எழுதிவிட்டு அட்டவணையில் இப்படி இருந்தால், ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஹெட் நியமன வரியைக் கூர்ந்து பாருங்கள். பள்ளியின் குணத்தை நிர்ணயிப்பது அந்த ஒரு முடிவுதான். தேர்வுக் குழுவில் உங்கள் பள்ளியின் கவர்னர் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். டிரஸ்ட்டின் மையச் செலவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு பள்ளியின் நிதியிலிருந்தும் இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்வது. 6 மில்லியன் பவுண்டு பட்ஜெட்டில் 5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3 லட்சம் பவுண்டு. அதற்குப் பதிலாகச் சம்பளப் பட்டியல், எச்ஆர், கட்டிடப் பராமரிப்பு, ஐடி எல்லாம் மையத்திலிருந்து வரும். அந்த வேலைகளுக்கு இன்று உங்கள் பள்ளி எவ்வளவு கொடுக்கிறது என்று பிசினஸ் மேனேஜரிடம் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் மையம் மலிவாகவே வரும். மின்சாரமும் எரிவாயுவும் நான்கு பள்ளிக்குச் சேர்த்து வாங்கும்போது பேரம் பேச முடிகிறது. ஆளில்லாமல் தவிக்கும் சின்னப் பள்ளிக்கு நல்ல நிதி அதிகாரி ஒருவரின் நேரம் கிடைக்கிறது. இதெல்லாம் உண்மையான லாபம், நான் தினமும் பார்க்கிறேன்.

இரண்டாவது வழி, எல்லாப் பள்ளிகளின் நிதியையும் ஒன்றாகப் போட்டுத் தேவைக்கேற்பப் பிரிப்பது. கூட்டுக் குடும்பத்தில் எல்லோர் சம்பளமும் ஒரு கைக்குப் போவது போல. விதி இதை அனுமதிக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்து தள்ளாடும் பள்ளியைத் தாங்கிப் பிடிக்க இது உதவும். உங்கள் பள்ளி சேர்த்து வைத்த சேமிப்பும் அதே பானைக்குள் போகலாம். தன் பள்ளிக்கு அநியாயம் நடந்ததாக ஹெட் கருதினால் முதலில் டிரஸ்ட்டிடமும், அங்கே தீராவிட்டால் கல்வி அமைச்சரிடமும் முறையிட வழி இருக்கிறது. ஆனால் விஷயம் அதுவரை போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். 2017-இல் வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமிஸ் டிரஸ்ட் தன்னிடம் இருந்த 21 பள்ளிகளையும் கைவிட்டது. அங்கே பள்ளிகளின் சேமிப்பு மையக் கணக்குக்கு மாற்றப்பட்ட விவகாரம் அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டது. உங்கள் நான்கு ஹெட்களும் நல்லவர்கள்தான். நான் சொல்வது, அவர்கள் போன பிறகும் நிற்கும் விதி வேண்டும் என்று. சேமிப்பு யாருடையது, எந்த நிலைமையில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

நான்கில் ஏதாவது ஒரு பள்ளி பிஎஃப்ஐ ஒப்பந்தத்தில் (தனியார் நிறுவனம் கட்டித் தர, பல வருடம் அதற்குப் பணம் கட்டும் ஏற்பாடு) கட்டியதா? அப்படியானால் அந்த ஒப்பந்தத்தைப் படித்த வழக்கறிஞரின் குறிப்பைக் கேளுங்கள். வருடா வருடம் அதற்குக் கட்ட வேண்டிய தொகை மற்ற மூன்று பள்ளிகளையும் பாதிக்கலாம்.

பெற்றோருக்கான இடம் பற்றி: டிரஸ்டிகள் குழுவில் குறைந்தது இரண்டு பெற்றோர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு லோக்கல் குழுவிலும் இரண்டு பெற்றோர் இருக்க வேண்டும். எந்த வழியை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டுமே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், யாரும் தடுக்கவில்லை.

---

கணக்கு டீச்சர்:

அக்கா நிர்வாகப் பக்கத்தை அழகாகச் சொல்லிவிட்டார். நான் வகுப்பறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏ லெவல் கணக்கும் ஃபர்தர் மேத்ஸும் எடுக்கிறேன், மூன்று பள்ளிகள் சேர்ந்த டிரஸ்ட்டில்.

உங்கள் ஜெர்மன் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். 2024-25-இல் 16, 17 வயது மாணவர் ஒருவருக்கு அரசு கொடுத்த அடிப்படைத் தொகை 4,843 பவுண்டு. ஒருவர் மூன்று பாடம் எடுக்கிறார் என்றால், ஒரு பாடத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பேர் உள்ள ஜெர்மன் வகுப்புக்குச் சுமார் 8,000 பவுண்டு வருகிறது. வாரம் ஐந்து மணி நேரம் ஒரு ஆசிரியரை அங்கே நிறுத்த அது போதாது. அதனால்தான் தனியாக நிற்கும் பள்ளிகளில் ஜெர்மன், இசை, ஃபர்தர் மேத்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. நான்கு பள்ளியிலிருந்து சேர்ந்தால் பதினைந்து பேர் ஆகலாம், வகுப்பு பிழைத்துவிடும். எனக்கு இந்தக் கூட்டு வேலையில் மனசார நம்பிக்கை வந்ததே இதனால்தான்.

ஆனால் அது நடக்க என்ன தேவை தெரியுமா? டைம்டேபிள். நான்கு பள்ளியும் சிக்ஸ்த் ஃபார்ம் (ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு வருட) பாடங்களை ஒரே கட்டங்களில் வைக்க வேண்டும். ஒரு பள்ளியில் பாடவேளை 50 நிமிடம், இன்னொன்றில் ஒரு மணி நேரம் என்றால் மினிபஸ் வந்து சேரும்போது பாதி வகுப்பு போயிருக்கும். எங்களிடம் செவ்வாய், வியாழன் மதியம் முழுக்கப் பொதுப் பாடங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பஸ் போய்விடும், பிள்ளைகள் வந்து இறங்கும் பள்ளியில்தான் சாப்பிடுவார்கள். வருகைப் பதிவு இரண்டு பள்ளிக்கும் தெரிய வேண்டும். ஒரு பெண் வரவில்லை என்றால் அவள் வீட்டுக்கு எந்த அலுவலகம் போன் செய்வது என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். சின்ன விஷயம் மாதிரி தோன்றும். பாதுகாப்பு விஷயத்தில் இதுதான் பெரிய விஷயம்.

டிரஸ்ட் ஆவதற்கு முன் இந்த டைம்டேபிள் பேச்சு ஒவ்வொரு வசந்த காலத்திலும் புதிதாகத் தொடங்கும். ஒரு ஹெட் தன் பள்ளியின் தொடக்க நேரத்தை மாற்ற மாட்டேன் என்றால் எல்லாம் நின்றுபோகும். இப்போது அது ஒரே இடத்தில் முடிவாகிறது. அந்த வகையில் உங்கள் ஹெட் சொன்னது முழுக்கச் சரி.

இன்னொரு பக்கம், ஆசிரியர்களின் கேள்வி. மாற்றத்தின்போது வேலை, சம்பளம், பணிக்காலம் எல்லாம் 2006-ஆம் ஆண்டு டியூப்பி விதிகளின்படி (முதலாளி மாறும்போது ஊழியர் உரிமையைக் காக்கும் விதிகள்) அப்படியே டிரஸ்ட்டுக்குப் போகும். ஓய்வூதியத் திட்டமும் தொடரும். ஆனால் அதற்குப் பிறகு புதிதாகச் சேருபவர்களின் ஒப்பந்தத்தில் 'டிரஸ்ட்டின் எந்தப் பள்ளியிலும் வேலை செய்யச் சொல்லலாம்' என்ற வரி வரலாம். காலையில் ஒரு பள்ளி, மதியம் இன்னொன்று என்று ஓடும் ஆசிரியர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். பயண நேரத்தை அவர்களுடைய வேலை நேரமாக எண்ணாவிட்டால் அவர்கள் நிலைக்க மாட்டார்கள். இயற்பியல் ஆசிரியர் கிடைப்பதே குதிரைக்கொம்பு, இருப்பவரையும் பஸ்ஸில் களைக்க வைத்து இழக்கக் கூடாது. பயண நேரம் எப்படிக் கணக்கிடப்படும் என்று கட்டாயம் கேளுங்கள்.

மாதிரித் தாள் திருத்துவது பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு டிரஸ்ட் தேவையே இல்லை, ஒரே தேதியில் ஒரே தாள் வைத்தால் போதும்.

---

மான்செஸ்டர் மாமா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியன், பல வருடம் கவர்னராகவும் இருந்தேன்.

சேர்ந்து வேலை செய்ய அகாடமி ஆவது ஒன்றுதான் வழி என்பது போல இன்று எல்லோரும் பேசுகிறார்கள். செகண்டரி பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமி ஆகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. 2002 கல்விச் சட்டப்படி பள்ளிகள் ஃபெடரேஷன் ஆகலாம். அதாவது இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒரே கவர்னிங் பாடி, ஆனால் கவுன்சில் பள்ளியாகவே, அவரவர் பட்ஜெட்டோடு. அதுகூட வேண்டாம் என்றால் கவர்னிங் பாடிகள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்து, குறிப்பிட்ட சில முடிவுகளை மட்டும் அதற்குக் கொடுக்கலாம். அதற்கு 2003-இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. கணக்கு டீச்சர் சொன்ன டைம்டேபிள் பிரச்சினைக்கு அந்தக் கூட்டுக் குழுவே போதும் என்பது என் கருத்து.

இன்னொரு வழியும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'டிரஸ்ட் ஸ்கூல்' என்று ஒன்று வந்தது. பல பள்ளிகள் சேர்ந்து ஒரு பொது டிரஸ்ட் வைத்துக்கொள்ளலாம். நிலம் அந்த டிரஸ்ட்டின் பெயரில் இருக்கும், கவர்னர்களில் சிலரை அது நியமிக்கும். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் சொந்தக் கவர்னிங் பாடி உண்டு, ஆசிரியர்களுக்கு முதலாளி அதுதான், பணமும் கவுன்சில் வழியாகத்தான் வரும். எங்கள் பக்கத்தில் ஸ்டாக்போர்ட்டில் இருக்கும் ரெடிஷ் வேல் பள்ளி 2008-இல் அந்த வழியில் முதல் கூட்டுறவு டிரஸ்ட் பள்ளியானது. பெற்றோர், ஆசிரியர், மாணவர், ஊர்க்காரர் எல்லோரும் உறுப்பினராகலாம் என்ற ஏற்பாடு அது. பின்னாளில் அரசின் ஆதரவு முழுக்க அகாடமிப் பக்கம் போய்விட்டது, ஆனால் சட்டத்தில் அந்த வழி இன்னும் இருக்கிறது.

லண்டன் பள்ளிகளை மேம்படுத்த அரசு கொண்டுவந்த லண்டன் சேலஞ்ச் திட்டம் 2003-இல் தொடங்கி 2011 வரை நடந்தது. அங்கே தடுமாறிய பள்ளிக்குப் பக்கபலமாக நன்றாக நடக்கும் பள்ளியை இணைத்தார்கள். அனுபவமுள்ள ஹெட்கள் ஆலோசகராகப் போனார்கள். ஒரே மாதிரி மாணவர்கள் உள்ள பள்ளிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, யார் எதில் நன்றாகச் செய்கிறார்கள் என்று புள்ளிவிவரத்தைத் திறந்து காட்டினார்கள். அதற்காக எந்தப் பள்ளியும் தன் கவர்னிங் பாடியைக் கலைக்க வேண்டி வரவில்லை. சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி ஆய்வு அறக்கட்டளை 2014 முதல் சில வருடம் அகாடமிச் சங்கிலிகளை (பல அகாடமிகளை நடத்தும் டிரஸ்ட்டுகளை) ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைகளைப் பாருங்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சில சங்கிலிகள் அருமையாகச் செய்தன, சில மிக மோசமாகச் செய்தன. டிரஸ்ட் என்ற வடிவம் மட்டும் எதையும் தந்துவிடவில்லை என்றுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கூட்டத்தில் நான் இருந்தால் ஒரே கேள்வி கேட்பேன்: கூட்டுக் குழு வழியை ஏன் முதலில் முயலக் கூடாது?

---

மிட்லண்ட்ஸ் அப்பா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபீஸ் விஷயத்தைக் குழுவில் போட்டேன், பலருக்கு நிம்மதி.

இன்று கிளார்க்கிடம் ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன் கேட்டேன். "அது டிரஸ்ட் உருவான பிறகுதான் எழுதப்படும்" என்றார். இது சரியா? இன்னொன்று, ஒருவேளை சேர்ந்த பிறகு சரிப்பட்டு வரவில்லை என்றால் எங்கள் பள்ளி மட்டும் வெளியே வர முடியுமா? மான்செஸ்டர் மாமா சொன்ன கூட்டுக் குழு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதில் ஒரு ஹெட் மனம் மாறினால் மறுபடி அதே இடத்துக்குத்தானே வருவோம்?

---

பள்ளிக் கணக்குக்காரி:

முறைப்படி ஏற்பது டிரஸ்டிகள் என்பதால் கிளார்க் சொன்னது ஒரு வகையில் சரி. ஆனால் நான்கு ஹெட்களும் சேர்ந்து புதிதாகத் தொடங்கும் டிரஸ்ட்டில் வரைவு எழுத யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நடக்கும் டிரஸ்ட்டுகள் தங்கள் அட்டவணையை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. நான்கைந்தை எடுத்துப் பார்த்து, இதில் எது மாதிரி வேண்டும் என்று உட்கார்ந்து பேச ஒரு மாலை போதும். அதற்கே தயங்குகிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள்.

வெளியே வருவது பற்றி: பள்ளி தானாக முடிவெடுத்து வெளியேற வழியில்லை. டிரஸ்ட் சம்மதிக்க வேண்டும், கல்வித் துறை சம்மதிக்க வேண்டும், அப்போதும் இன்னொரு டிரஸ்ட்டுக்குத்தான் போகலாம். மறுபடி கவுன்சில் பள்ளியாகத் திரும்புவதை எதிர்பார்க்காதீர்கள். மான்செஸ்டர் ஐயா சொன்ன வழிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். கூட்டுக் குழுவிலிருந்து விலகலாம், ஃபெடரேஷனிலிருந்தும் விலக முறை உண்டு. விலக முடியாது என்பதே டிரஸ்ட்டின் பலம், ஜெர்மன் வகுப்பு ஒருவரின் மனநிலையை நம்பி நிற்காது. அதுவே ஆபத்தும். இரண்டில் எது உங்கள் ஊருக்கு முக்கியம் என்பதை அங்கே இருப்பவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், நான்கு பள்ளியும் ஏற்கெனவே சில வருடம் சேர்ந்து வேலை செய்து ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதால், உங்களுடையது நல்ல நிலைமை. அறிமுகமே இல்லாத பெரிய டிரஸ்ட்டுக்குள் பள்ளிகள் போவதையும் பார்த்திருக்கிறேன். அதை விட இது எவ்வளவோ மேல். காகிதம் மட்டும் சரியாக இருந்தால் நான் ஆதரித்து ஓட்டுப் போடுவேன்.

இன்னொன்று, இந்த ஓட்டோடு எல்லாம் முடிந்துவிடாது. இது விண்ணப்பிக்க மட்டும்தான். மாறும் முன் பெற்றோர், ஊழியர் போன்றோரிடம் கருத்துக் கேட்பது சட்டப்படி கட்டாயம். கடைசியில் நிதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கவர்னிங் பாடி பின்வாங்க முடியும். அதனால் "விண்ணப்பிக்கச் சம்மதம், ஆனால் அதிகார அட்டவணை, சேமிப்பு விதி, ஹெட் நியமன முறை மூன்றும் எழுத்தில் வந்து இந்தக் குழு ஏற்காமல் கையெழுத்து இல்லை" என்று தீர்மானம் போடலாம். அந்த வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

மெம்பர்கள் பற்றியும் மறந்துவிடாதீர்கள். டிரஸ்டிகளை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள மேல்மட்டம் அது, குறைந்தது மூன்று பேர் வேண்டும். முதல் மெம்பர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நான்கு ஹெட்களின் நண்பர்களாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

---

மிட்லண்ட்ஸ் அப்பா:

அக்கா, தீர்மான வாசகத்தை நீங்கள் சொன்ன மாதிரியே எழுதித் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். கூட்டுக் குழுவை ஏன் முயலவில்லை என்ற கேள்வியையும், ஆசிரியர்களின் பயண நேரத்தையும் சேர்த்திருக்கிறேன். இன்னொரு பெற்றோர் கவர்னரும் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஹெட் போனில் கூப்பிட்டு, சேமிப்பு விதி பற்றி மற்ற மூன்று பேரிடமும் பேசுவதாகச் சொன்னார்.

---

பள்ளிக் கணக்குக்காரி:

நல்லது. தலைவருக்கு மட்டும் போதாது, கிளார்க்குக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கூட்டத்தில் நேரமில்லை என்று பேச்சு தள்ளிப்போனாலும், கேள்விகளும் அவர்கள் தரும் பதில்களும் மினிட்ஸில் ஏற வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதிகார அட்டவணை வரைவு வந்தால் ஹெட் நியமன வரியை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.